சைவ மீன்களின் தலைவர்

சின்னமுத்துவுக்குத் தலைவர் என்று கூப்பிட்டால்தான் காது கேட்கும். இலங்கை மலையகத்தில், தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் மாரியம்மன் கோயில் தலைவர். மரண உதவிச் சங்கத் தலைவரும் அவரே. மட்டையைக் கையால் தொடாமலே கிரிக்கெட் குழுவுக்கும் தலைமை தாங்கினார். அவர் தலைமை தாங்காமல் மிச்சமிருந்தது, கோயிலுக்குக் கீழே கிடந்த பழைய குளம் ஒன்றுதான்.

தேயிலைத் தொழிற்சாலைக்கு நீர் தேக்க வெட்டிய குளம் அது. குழாய் வந்த பிறகு சும்மா கிடந்தது. மீன் வளர்க்க அதை மாதர் சங்கத் தலைவி பாலம்மா கேட்டார். பாலம்மா கேட்டார் என்று தெரிந்த மறுநாளே சின்னமுத்துவும் கேட்டார். இருவரையும் பகைத்துக்கொள்ள விரும்பாத தோட்ட நிர்வாகி, எல்லாரும் தொரை என்று கூப்பிடுபவர், ஒரு வழி சொன்னார்: முதல் வருடம் தலைவருக்கு. பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு எல்லார் முன்னிலையிலும் வலை போட வேண்டும். சட்டிக்குத் தகுந்த மீன் வராவிட்டால் குளம் மாதர் சங்கத்துக்குப் போய்விடும்.

திலாப்பியாக் குஞ்சுகள் வந்தன. கூடவே மீன் வளர்ப்பு அலுவலர் மஸீனாவும் கம்பளையிலிருந்து பஸ் ஏறி வந்தார். கருவாட்டுத் தூள் கலந்த தீனி மூட்டையை அவர் காட்டியதும் தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“மிஸ், இது அம்மன் வாசல். கரகத்துக்குத் தண்ணி எடுக்கிற குளம். மீன் தூளெல்லாம் இங்க ஆகாது.”

“குளத்துக்குள்ள ஈக்கிறதும் மீன் தானே ஐயா?”

“அது உசுரோட இருக்கிற மீன். அதுக்குத் தீட்டு இல்ல.”

அதாவது மீனைப் பிடிக்கலாம், விற்கலாம், குழம்பும் வைக்கலாம். மீனுக்கு மட்டும் மீன் கூடாது. இந்தச் சட்டத்தை இயற்றியவர் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் நெத்தலி இல்லாமல் சோறு இறங்காதவர்.

அன்றிலிருந்து மீன்களுக்குத் தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும்தான். தலைவர் காலையில் திருநீறு பூசி, வாளியோடு கரையில் நின்று, அர்ச்சனை செய்வதுபோல் தூவுவார். மீன்கள் ஓடிவந்து தின்றன. தின்றனவே தவிர வளரவில்லை. சில மாதம் கழித்து மஸீனா வந்து ஒன்றைப் பிடித்துப் பார்த்தார். தலை மட்டும் பெரிதாக, பின்னால் ஒட்டிக்கொண்ட வால் போல ஓர் உடம்பு.

“வயிறு நிறையுது ஐயா, சதை பிடிக்கல்ல,” என்றார். சதையாகும் புரதம் பல துண்டுகளால் கட்டப்படுவது. அந்தத் துண்டுகளுக்கு அமினோ அமிலம் என்று பெயர். அவற்றில் சிலவற்றை மீனால் தானே செய்துகொள்ள முடியாது, தீனியில்தான் வர வேண்டும். புண்ணாக்கில் லைசின் என்ற துண்டும் மெதியோனின் என்ற துண்டும் போதாது. இதையெல்லாம் தலைவருக்குப் புரியும்படி சொல்ல மஸீனா மலையைக் காட்டினார்.

“கொழுந்து பறிக்க ஆள் ஈக்குது, சாக்கு ஈக்குது. லொறி மட்டும் வரல்லன்னா என்னாகும்?”

“கொழுந்து வெந்து வீணாப் போகும்.”

“அதுதான் நடக்குது. ஒண்ணு குறைஞ்சா மத்ததெல்லாம் வீண்.”

மீன் தூள் வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருந்தது. சோயாவைப் புண்ணாக்கோடு சேர்த்து, லைசின் தூளும் மெதியோனின் தூளும் கொஞ்சம் கலந்து, மரவள்ளி மாவில் பிசைந்து உருட்டிக் காயவைக்க வேண்டும். தூள்களில் மீன் வாடையே இல்லை, அம்மனுக்கும் ஆட்சேபம் இருக்காது. ஒரு வாளித் தீனிக்கு ஒவ்வொரு தூளிலும் ஒரு சின்னக் கரண்டி, தலை தட்டி மட்டமாக. அதற்கு மேல் கூடாது என்று கரண்டியையும் கொடுத்துவிட்டுப் போனார்.

தலைவர் அந்தக் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அரசாங்கத்துக் கை இவ்வளவுதான் நீளும்,” என்றார் மனைவி இராஜகுமாரியிடம். கோயிலில் பொங்கல் கிளறும் அகப்பையை எடுத்து வந்தார்.

“மட்டமாத்தானே போடச் சொன்னாங்க?” என்றார் இராஜகுமாரி.

“இதுலயும் மட்டமாத்தான் போடுறேன்.”

கோயில் தலைமை அவருக்குக் கற்றுத்தந்திருந்தது ஒன்றே ஒன்று: நெய்யோ முந்திரியோ, கூடினால் சிறப்பு. மீன் உடம்புக்கு அந்தச் சிறப்பு தெரியவில்லை. மிஞ்சிய அமினோ அமிலத்தை அது சதையாக்கவில்லை, எரித்துக் கழிக்கப் பாடுபட்டது. அந்த உழைப்பிலேயே வளர வேண்டிய சக்தி போயிற்று. கழிவில் தண்ணீர் பச்சையாகி நாறியது. பிறகு மீன்கள் உருண்டையை வாயில் வாங்கித் துப்பின. மஸீனா தொலைபேசியில் விசாரித்தபோதெல்லாம் தலைவர், “பன்னிக்குட்டி மாதிரி இருக்கு மிஸ், நீங்க வந்து அலைய வேணாம்,” என்றார். மாவட்டமெல்லாம் ஓடவேண்டிய மஸீனாவும் நம்பினார்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு வந்தது. மார்கழி முழுவதும் மரக்கறி தின்ற நாக்குகளோடு லயத்து வீடுகளெல்லாம் பாத்திரமும் கையுமாகக் கரையில் கூடின. கதிரை போட்டுத் தொரையை உட்காரவைத்தார்கள். தலைவர் பட்டு வேட்டியில் வந்து, மீன் வளர்ப்பின் மகிமை பற்றி மைக்கில் முழங்கினார். வெயில் ஏறிய பிறகுதான் வலை ஏறியது. வலையில் கிடந்தவை கைவிரலைவிடச் சற்றுத் தடித்திருந்தன.

“தலைவரே,” என்றார் பாலம்மா, “குஞ்சு போன வருசம் விட்டதா, நேத்து விட்டதா?”

கரை சிரித்தது. தலைவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். “இது சைவ மீன். உருவத்த வச்சு எடை போடக்கூடாது.”

வலை போடுவதைப் பார்க்க வந்திருந்த மஸீனா, தீனி வாளிக்குள் கிடந்த அகப்பையைக் கண்டார். அதில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளையும் கண்டார். “ஒரு லொறி வரல்லன்னு சொன்னேன். ரோட்டை அடைக்கிற மாதிரி இருபது லொறியக் கூப்பிட்டிருக்கீங்களே ஐயா.”

தொரை எழுந்து, குளத்து வாயிற்கதவின் சாவியைப் பாலம்மாவின் கையில் வைத்தார்.

பாலம்மாவின் ஆட்கள் சேற்றை வாரி, புது நீர் விட்டு, புதுக் குஞ்சு விட்டார்கள். சோயா, புண்ணாக்கு, சின்னக் கரண்டியில் மட்டமாகத் தூள். அடுத்த பொங்கலில் மீன் சட்டிக்கு அடங்கவில்லை, வெட்டித்தான் போட்டார்கள். மீன் வாங்கும் வரிசையில் சின்னமுத்துவும் நின்றார். இருப்பதில் பெரியதைப் பொறுக்கி, வயிற்றை அழுத்திப் பார்த்து, தலையை ஆட்டினார்.

“தூள் எவ்வளவு போட்டீங்க?”

“உங்க அகப்பையில ஒரு மூலை கூட இல்ல, தலைவரே.”

“பாத்தீங்களா,” என்றார் அவர், பின்னால் நின்றவர்கள் பக்கம் திரும்பி. “போன வருசம் நான் போட்டதுதான் இப்ப வேலை செய்யுது.”

மீனை வாங்கிக்கொண்டு, நன்றியுரைக்கு யாராவது கூப்பிடுவார்கள் என்று கொஞ்ச நேரம் கரையிலேயே நின்றார்.