ஹோலிஸின் செத்த வண்டி

வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தின மாலை, ஹோலிஸ் பிரான்ட்சன் ஓடாத தன் பழைய பிக்கப் வண்டியைச் சங்கிலி கட்டி இழுத்துக்கொண்டு போகிறார். அரசு காட்டுக்குள் போகும் பாதையின் முகப்பில் அதை நிறுத்துகிறார். கண்ணாடியோரம் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுத் தொப்பி ஒன்றையும் பாதி காப்பி இருக்கும் குவளையையும் வைக்கிறார். யாரோ இப்போதுதான் இறங்கிப் போன மாதிரி இருக்கும். பிறகு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குகிறார்.

எங்கள் மொன்டானாவில் பாதைமுகப்பில் ஒரு வண்டி நின்றால் அந்தப் பள்ளத்தாக்கு அன்றைக்கு அந்த ஆளுக்கு. அடுத்து வருகிறவர் சத்தமில்லாமல் வேறிடம் பார்த்துப் போய்விடுவார். சட்டம் இல்லை, வெறும் மரியாதைதான். அந்த மரியாதையைத்தான் ஹோலிஸ் பருவம் முழுக்க வேலிபோல் நட்டுவைக்கிறார்.

இவர்தான் எங்கள் வேட்டைச் சங்கத்தின் தலைவர். பண்ணைக்காரர் யாராவது காட்டுப் பாதைக்குக் குறுக்கே கேட் போட்டால் முதலில் கொதிப்பவர். "இது ஜனங்களோட நிலம்யா. உன்னோடது, என்னோடது, நம்ம பேரப்புள்ளைங்களோடது" என்பார். சொல்லும்போது குரல் உடையும். நடிப்பில்லை, நிஜமாகவே உடையும். அதுதான் சகிக்க முடியாதது.

லவெட்டா கிம்மலின் கணவர் ஆரின் போன வசந்தத்தில் இறந்துபோனார். அந்த வீட்டின் குளிர்கால இறைச்சி அவர் துப்பாக்கியிலிருந்துதான் வரும். இந்த வருடம் வேட்டை உரிமம் லவெட்டா பேரில். இடுப்பு வலிக்காரி நடக்கக்கூடிய சமமான பாதை, ஹோலிஸின் வண்டி நிற்கும் அது ஒன்றுதான். விடிகாலைதோறும் வந்து, வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

பருவம் முடிய ஒரு நாள் இருக்கையில், உணவுக்கடையில் ஹோலிஸின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"என்ன ஹோலிஸ், தினமும் எனக்கு முந்தி வந்துடுற?"

"நான் சீக்கிரம் எந்திரிக்கிற ஆளும்மா."

"சுத்தி முழங்கால் பனி. உன் வண்டிக்கு அடியில மட்டும் காஞ்ச புல்லு. அது இன்னும் எந்திரிக்கவே இல்லியேப்பா."

பக்கத்து மேசைகள் காப்பிக் குவளைக்குள் சிரித்தன. ஹோலிஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவினார்.

"பேட்டரி போச்சு. பனி உருகட்டும், எடுத்துடறேன்."

"நாளைக்குக் கடைசி நாள். என் ஃப்ரீசர்ல ஐஸ் மட்டும்தான் இருக்கு."

"இவ்ளோ பெரிய மலை கெடக்கு லவெட்டா. அத்தனையும் உன் நிலம்தானே?"

மறுநாள் அவள் தன் வண்டியை அந்தச் செத்த வண்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்தினாள். மான் கிடைத்தால் இழுத்து வர நானும் கூடப் போனேன். மேட்டில் விழுந்துகிடந்த பைன் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தோம். எதிர்ப் புல்வெளியில் ஒரு பெண் மான் பனியைக் கிளறி மேய்ந்தபடி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்க வேண்டும். லவெட்டா துப்பாக்கியை மரத்தின்மேல் சாய்த்து வைத்தாள்.

கீழே ஹோலிஸ், ஓடுகிற தன் இன்னொரு வண்டியில் வந்து இறங்கினார். கையுறையைக் கழற்றி, லவெட்டா வண்டியின் எஞ்சின் மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடு இருந்திருக்க வேண்டும். தலை நிமிர்ந்து புல்வெளிப் பக்கம் பார்த்தார்.

விடியலில் எந்த வேட்டைக்காரரும் வண்டிக் கதவை அறைந்து சாத்துவதில்லை. இரண்டு விரலால் அழுத்தித்தான் மூடுவார்கள். ஹோலிஸ் தன் கதவை அகலத் திறந்து, அறைந்து சாத்தினார்.

மான் தலை தூக்கியது.

அவர் கதவை மறுபடியும் அகலத் திறந்தார்.