ஐம்பதுக்குக் கீழே ஒருவர்

மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், பழைய எக்ஸ்ரே படங்கள் அடுக்கிய அலமாரிக்கும் குடிதண்ணீர் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு மேசை. அங்கே உட்கார்ந்து போன் பேசுவதுதான் ஆஜர் அக்காவின் உத்தியோகம். புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு போனவர்களை வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு, உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிந்துகொண்டு பதிவேட்டில் குறிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுகிற வேலைதான். இங்கே வராதவர்கள் மறுநாளும் வரமாட்டார்கள், அவ்வளவே வித்தியாசம். பட்டப்பெயர் அப்படி வந்தது.

உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு வீட்டாரிடம் எப்படிக் கேட்பது? சேர்ந்த புதிதில் "நல்லா இருக்காருங்களா?" என்று கேட்டுவிட்டு, ஒரு அம்மாளிடம் அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பத்தொன்பது வருஷ அனுபவத்தில் கண்டுபிடித்த கேள்வி வேறு: "வீட்டு விலாசம் அதேதானுங்களா?" விலாசத்தைச் சொல்கிற சாக்கில் மற்றதை எல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள். சொல்ல முடியாதவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அதுவும் பதில்தான்.

இந்தப் பதில்களை எல்லாம் சேர்த்து வருஷா வருஷம் ஓர் அட்டவணை வெளியாகும். எந்த உறுப்பு, என்ன வயதில் நோய் தெரிந்தது, ஐந்து வருஷம் கழித்து எத்தனை பேர் மிச்சம். தைராய்டு பக்கத்தில் கூப்பிட்டுக் கூப்பிட்டு அக்காவுக்குத் தொண்டை கட்டும். கணையத்தின் பக்கம் வந்தால் அரை நாளில் வேலை முடிந்துவிடும். வயிற்றுக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்திருக்கிற பேர்வழி அது. நோய் வந்தாலும் வாயைத் திறக்காது. தெரியவரும்போது பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டியிருக்கும். அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது ஐம்பது பேரில் ஒருவர் தேறினார். பத்து வருஷம் கழித்து இரண்டு பேர். இப்போது நான்கு பேருக்கு வந்திருக்கிறது. கடிகாரத்தின் சின்ன முள் மாதிரி, பார்த்துக்கொண்டே இருந்தால் நகராது. வேறு வேலையைப் பார்த்துவிட்டு வந்தால் நகர்ந்திருக்கும்.

இந்த வருஷம் அவள் வேறு வேலையைப் பார்க்கவில்லை. கணையத்தின் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பிக்குக் கணையத்தில் கட்டி.

தம்பி மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவன். நாற்பத்து நான்கு வயது. கண் மஞ்சளாகிப்போய் டாக்டரிடம் போனதால் நோய் சீக்கிரமே தெரிந்துவிட்டது. வெட்டி எடுத்துவிடலாம், சின்ன ஆபரேஷன் இல்லை, ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். இவன் தள்ளிப்போட்டான். ஒரு நாள் அக்காவின் மேசைக்கு வந்து, பாதி நிரம்பிய அட்டவணையை, எரிந்துபோன மோட்டாரைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் ஐம்பத்திரண்டு பேர். அதில் நான்கு பேர் ஆஜர். ஐம்பதுக்குக் கீழே ஒன்பது பேர். எட்டுப் பேர் போய்விட்டார்கள். ஒன்பதாவது ஆள் பஸ் டிரைவர், நோய் தெரிந்தபோது வயது நாற்பத்தெட்டு. அவருடைய போன் நம்பர் உபயோகத்தில் இல்லை.

பொதுவாகச் சின்ன வயதுக்காரர்கள்தான் அதிகம் தேறுவார்கள், ஒன்பது பேரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று அக்கா எவ்வளவோ எடுத்துச் சொன்னாள்.

"பொதுவா தேறினவர் யாருக்கா, எனக்குக் காட்டு," என்றான் தம்பி. "பெரியவங்க வரிசையில நாலு பேர் நிக்கிறாங்க. என் வரிசையில ஒரே ஒரு ஆளைக் காட்டிடு. மறுநாளே போய்ப் படுத்துடறேன்."

வெள்ளிக்கிழமை அட்டவணையை மூட வேண்டும். புதன்கிழமை அக்கா அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் டிப்போவுக்குப் போனாள். வாசலில் டிக்கெட் பையோடு நின்றிருந்த கண்டக்டரிடம் டிரைவரின் பெயரைச் சொல்லி, பழக்கதோஷத்தில், வீட்டு விலாசம் அதேதானா என்று கேட்டாள். அவர் இவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"விலாசம் எதுக்கும்மா? ஆளே உள்ள உக்காந்திருக்காரு."

டயர் நாற்றமடிக்கும் அறையில், பஸ்கள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கிற மேசைக்குப் பின்னால், பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை போட்ட ஒல்லியான மனிதர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். முதல் கவளத்துக்கு முன் ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார். செரிமானத்துக்கு. அரைக் கணையத்தோடு இருக்கிறவர்கள் சாப்பிடுகிற விதம் அக்காவுக்குத் தெரியும். நாற்காலி காலியாக இருந்தும் அவளுக்கு உட்காரத் தோன்றவில்லை.

எங்கிருந்து வருகிறாள் என்று சொன்னதும் அவர் டப்பாவை மூடிவிட்டார். நம்பரை மாற்றியதே இவளுக்காகத்தானாம். வருஷா வருஷம் இவள் விலாசம் விசாரித்த பிறகு இரண்டு நாளைக்கு அவருக்குச் சோறு இறங்காதாம்.

"விலாசத்தையா கேக்கறீங்க? செத்துட்டியான்னு கேக்கறீங்க. எனக்குத் தெரியாதா?"

அக்கா மன்னிப்புக் கேட்டாள். பிறகு தம்பியைப் பற்றிச் சொன்னாள். ஐம்பதுக்குக் கீழே அவர் ஒருவர்தான் என்றும் சொன்னாள். மனிதர் நெளிந்தார். கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"வேலையிடத்துல சொல்லிடாதீங்கம்மா. நான் ஒம்பது வயசுலதான் பள்ளிக்கூடத்துல சேர்ந்தேன். அஞ்சுன்னு எழுதிட்டாங்க. காகிதத்துல நாப்பத்தெட்டு. ஆபரேஷன் அப்ப எனக்கு அம்பத்திரண்டு."

திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா கணக்குப் போடவில்லை. தன்னோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தாள். காகிதம் சொன்னதை எழுதினால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. டாக்டர் கேட்க மாட்டார், அரசாங்கம் கேட்காது. தம்பி ஆபரேஷனுக்குப் படுத்துவிடுவான். ஒரு பொய்கூட இல்லை அது; பள்ளிக்கூடத்துக்காரர்கள் எப்போதோ சொன்ன பொய். ஆனால் அந்தப் பக்கத்தை இவன் ஒருவனா பார்க்கப்போகிறான்? தன் வாழ்க்கையில் பாதியை, ஒரு எழுத்து பிசகக் கூடாதென்று அந்தப் பதிவேட்டுக்குக் கொடுத்தவள் அவள். வியாழக்கிழமை காலை டிரைவரை மேல் வரிசைக்கு மாற்றினாள். ஐம்பத்து மூன்றில் ஐந்து. கீழே எட்டுக்குப் பூஜ்யம்.

சாயங்காலம் பட்டறைக்குப் போய் டிரைவர் விஷயத்தை அப்படியே தம்பியிடம் சொன்னாள். அவன் கையிலிருந்த கம்பிச் சுருளைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. பத்தொன்பது வருஷமாக அந்த மாதிரி மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று படித்தவள் அவள்.

"ஆபரேஷன் பண்ணின டாக்டருக்கு அவர் வயசு தெரியுமா?"

"காகிதத்துல இருந்ததுதான்டா தெரியும்."

"அப்ப நாப்பத்தெட்டு வயசுக்காரர்னு நினைச்சுத்தானே வெட்டியிருக்காரு? கத்திக்கும் தெரியல, கட்டிக்கும் தெரியல. உனக்கு மட்டும் தெரிஞ்சு தொலைச்சிருக்கு." சுருளைக் கீழே வைத்தான். "நீ பொய் சொல்லியிருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன்க்கா. உனக்கு அந்த வேலை வராது. அப்ப என் வரிசையில இடம் காலியாத்தான் இருக்கு?"

"எட்டு பேருக்கு ஒண்ணுகூட இல்ல," என்றாள். அதையும் மறைக்கவில்லை.

"சரி, அந்த இடத்துல நான் நிக்கிறேன். டாக்டருக்குப் போன் போடு. திங்கக்கிழமை வரேன்னு சொல்லு."

திங்கட்கிழமை சேர்க்கைப் படிவத்தை அக்காதான் நிரப்பினாள். வயது நாற்பத்து நான்கு என்று எழுதிவிட்டு, பிறந்த தேதியை அம்மாவிடம் போனில் கேட்டு இன்னொரு தடவை சரிபார்த்தாள். தொடர்பு எண் என்ற இடத்தில் தம்பி தன் நம்பரைச் சொன்னான். மாற்ற மாட்டேன் என்றும் சொன்னான்.

"ஆனா வருஷா வருஷம் விலாசம் கேட்டு உயிரை எடுக்காதே. நேரா விஷயத்தைக் கேளு."