பதினேழாம் எண் சக்களத்தி

இது நடந்தது. என் சொந்த அண்ணன் வீட்டில் நடந்தது. ஒரு வரி கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்கிற நிலைமையில் இப்போது நான் இல்லை. பாதியை நானே பார்த்தேன். மீதியை அண்ணி என்னிடம் சொன்னாள். அவள் எனக்கு அண்ணியாவதற்கு முன்பே என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. பொய் சொல்லத் தெரியாதவள். பொறாமைப்படத் தெரிந்தவள்.

பொறாமை என்றால் அப்படி இப்படிப் பொறாமை இல்லை. பல் பிடுங்கிக்கொண்டு வந்த அண்ணன், "அந்த நர்ஸம்மா ரொம்பப் பொறுமை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அடுத்த பல்லுக்கு வேறு டாக்டர். வானொலியில் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலை மெச்சினார். அந்த வீட்டில் ஒரு வருடம் யாரும் செய்தி கேட்கவில்லை. நாங்கள் கிண்டல் செய்வோம். அவளும் சிரிப்பாள், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவளுக்கு இருந்தது அவர் ஒருவர்தான்.

அண்ணி வீட்டிலேயே தையல் தைத்தாள். அண்ணன் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோழி கிளறிய மாதிரி இருக்கும் கையெழுத்தைக்கூட வாசித்துவிடுவார். சும்மா உட்கார முடியாமல், ஆவணக் காப்பகத்துக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்யப் பெயர் கொடுத்தார். பழைய பிறப்பு, கல்யாண, இறப்புப் பதிவேடுகளைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் அனுப்புவார்கள். வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துத் தட்டிக் கொடுக்க வேண்டும்.

அந்த வேலையின் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டுவார்கள். ஒருவர் யாரென்று மற்றவருக்குத் தெரியாது. எண் மட்டும்தான் தெரியும். இருவர் தட்டியதும் ஒன்றுபோல் இருந்தால் அந்தக் கட்டம் பச்சையாகி மூடிக்கொள்ளும். வேறுபட்டால் மூன்றாவதாக ஒருவர் படத்தைப் பார்த்து முடிவு செய்வார். அவர்தான் ஒப்பிடுபவர். மூவருக்கும் ஒரே கட்டளை. தாளில் இருப்பதை மட்டும் தட்ட வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் 'காலி' என்று தட்ட வேண்டும். பக்கத்தின் அடியில் ஒரு குறிப்புப் பெட்டி இருக்கும். கையெழுத்தில் சந்தேகம் வந்தால் தட்டுகிற இருவரும் அதில் கேட்டுக்கொள்ளலாம்.

அண்ணனுக்கு எண் நாற்பத்திரண்டு. கல்யாணப் பதிவேட்டில் அவரோடு ஜோடி சேர்ந்தது எண் பதினேழு.

"பதினேழு இருக்காங்களே, கரையான் அரிச்ச எடத்தைக்கூட சரியா வாசிக்கறாங்க," என்றார் அண்ணன், சாப்பாட்டின் நடுவே. நானும் அங்கேதான் இருந்தேன்.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இருக்காங்கன்னா... பொம்பளையா?"

"அது யாருக்குத் தெரியும்? நம்பர்தானே."

"பொம்பளைதான்," என்றாள் அண்ணி.

அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் 'பதினேழுக்காரி'.

அண்ணன் தட்டுவது ஒற்றை விரலில். டக்... டக்... டக்... அடுத்த அறையில் அண்ணியின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மதியம் நூல் அறுந்து மெஷினை நிறுத்தினாள். அப்போதுதான் கேட்டது. அண்ணனின் அறையிலிருந்து இரண்டு சத்தம். ஒன்று அவருடைய டக், டக். அதற்குப் பின்னால் இன்னொன்று... சரசரவென்று, பத்து விரலும் பழகிய கை.

எட்டிப் பார்த்தாள். அண்ணன் மட்டும்தான் இருந்தார். கன்னத்தில் கை வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டவில்லை.

சரசர சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது.

என்னிடம் சொன்னபோது நான் சிரித்தேன். "உனக்கு இப்ப காதுலயும் பொறாமை வந்துடுச்சு," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அண்ணன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் குறிப்புப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். முதலில் எல்லாம் வேலைப் பேச்சு. இது 'ம'வா 'ய'வா, இந்தச் சாட்சியின் ஊர் என்ன, இப்படி. கீழே வர வர வேறு மாதிரி.

'இன்று தாமதமாக வந்தீர்கள்.'

'புதுக் கண்ணாடி உங்களுக்குப் பொருந்துகிறது.'

அதற்கு அண்ணன் பதில் போட்டிருந்தார். 'நன்றி. இப்போது நன்றாகத் தெரிகிறது.'

அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயம் அல்ல, சுத்தமான வயிற்றெரிச்சல். "நேத்து கண்ணாடி மாத்தினதை நானே ராத்திரிதாண்டி கவனிச்சேன். அவ எங்க இருந்து பார்த்தா?" என்று என்னிடம் கேட்டாள். எதிர்வீட்டு மாடி, கண்ணாடிக் கடைப் பெண், பழைய தபால் நிலையத்துக்காரி என்று ஒருத்தரையும் விடவில்லை. எல்லோர் மீதும் சந்தேகப்பட்டாள். உயிரோடு இருக்கிற எல்லோர் மீதும்.

அண்ணனைக் கேட்டதற்கு, "நீயே வந்து பாரேன். வேண்டாம்னா சொன்னேன்?" என்றார். அது தப்பாகப் போயிற்று. அண்ணி தானும் பெயர் கொடுத்தாள். ஒரு இழை விலகினாலும் கண்டுபிடிக்கிற கண் அவளுடையது. காப்பகத்தில் பரீட்சை வைத்துப் பார்த்துவிட்டு ஒப்பிடுபவர் வேலையே கொடுத்தார்கள். அண்ணன் வெளியே போகிற நேரங்களில் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பதினேழுக்காரி எங்கே சறுக்குவாள் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் ஒன்றும் கிடைக்கவில்லை. தகராறு வந்த இடத்திலெல்லாம் பதினேழு தட்டியதே சரியாக இருந்தது. மனசே இல்லாமல் அவள் பக்கமே தீர்ப்புச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்ததாம்.

பிறகு அந்தப் பக்கம் வந்தது.

காலை நேரம். நல்ல வெயில். அண்ணன் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார்.

பக்கத்தின் கடைசிக் கல்யாணம். மணமகள் பெயர் இருந்தது. வயது இருந்தது. அவள் கையெழுத்தும் இருந்தது. சாய்ந்த, அழகான கையெழுத்து. மணமகன் கட்டம் மட்டும் வெறுமை. தேதி வெறுமை. கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவன் வரவே இல்லை.

'காலி' என்றுதானே இருவரும் தட்டியிருக்க வேண்டும்?

மணமகன் கட்டம் பச்சையாகி மூடியிருந்தது. உள்ளே அண்ணனின் பெயர்.

அண்ணன் பெயர்... எங்கள் அப்பா பெயரோடு.

நாற்பத்திரண்டும் அதைத் தட்டியிருந்தது. பதினேழும் அதையே தட்டியிருந்தது.

அடுத்த கட்டம் 'மணமகன் நிலை'. பழைய பதிவேடுகளில் அப்படி ஒன்று உண்டு. மணமாகாதவர், மனைவியை இழந்தவர் என்று எழுதுவார்கள். அதில் இருவரும் வேறுபட்டதால்தான் பக்கம் அண்ணியிடம் வந்திருந்தது.

நாற்பத்திரண்டு: காலி.

பதினேழு: மனைவியை இழந்தவர்.

அண்ணி அதை மூன்று தடவை வாசித்தாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்ததாம். திரும்பவில்லை. திரும்பாததற்குக் காரணம் பயமில்லை என்று என்னிடம் சத்தியம் செய்தாள். "அவ மூஞ்சியைப் பார்க்க எனக்கு என்னடி தலையெழுத்து?"

அவள் 'காலி' என்று தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டும். தாளில் இல்லாததைத் தட்டக் கூடாது. அந்த ஒரே கட்டளை. ஆனால் அவள் கொதித்துப்போயிருந்தாள். இரண்டையும் அடித்துவிட்டுத் தன் கையால் தட்டினாள்.

'மனைவி உயிரோடு இருக்கிறாள்.'

கட்டம் பச்சையானது. மூடிக்கொண்டது.

குறிப்புப் பெட்டியில் ஒரு வரி வந்தது.

'சரி. காத்திருக்கிறேன்.'

அண்ணன் வீட்டுக்கு வந்ததும் காட்டினாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் வேணும்னு போடலை," என்றார். "உள்ளே நுழையப் பேர் தட்டறேன்ல, அதை இது மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு. 'காலி'ன்னு தட்ட ஆரம்பிச்சா, அதே முதல் எழுத்துங்கறதால முழுப் பேரும் வந்துடும். நான் கவனிக்கலை."

"சரி. அவளுக்கும் அதே பேர் எப்படி வந்துச்சு?"



காப்பகத்துக்குப் போன் செய்தார்கள். பொறுப்பாளர் அம்மா பொறுமையாகச் சொன்னார். "காலின்னு போட்டிருந்தா அந்த வரிசையே தானா கழிஞ்சிருக்கும். நிலைன்னு ஏதோ போட்டுட்டீங்க. ஆள் இருக்கார்னு அது ஏத்துக்கிச்சு. இனிமே மாத்தணும்னா நாற்பத்திரண்டும் பதினேழும் மறுபடி ஒரே மாதிரி தட்டினாத்தான் உண்டு."

"பதினேழு யாருங்க?"

"எண் இருக்கு. முகவரி இல்லை. எனக்கு முன்னாடியே சேர்ந்தவங்கபோல."

அண்ணன் அன்றோடு அந்த வேலையை விட்டார். கம்ப்யூட்டரை உறை போட்டு மூடினாள் அண்ணி. உறையைத் தானே தைத்தாள், நான்கு பக்கமும் முடிச்சு வைத்து.

அதற்குப் பிறகு அவள் உடம்பைப் பார்த்துக்கொண்டது மாதிரி யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். விடிகாலையில் நடை. மாத்திரை தவறாது. தும்மினால் டாக்டர். "என்னடி இது, உயிர் மேல இவ்வளவு ஆசை?" என்று கேட்டேன்.

"நான் போனா அவளுக்குக் கொண்டாட்டம்," என்றாள். "எடம் விடமாட்டேன்."

நான் சிரித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்படி ஏதாவது ஆச்சுன்னா, அந்தக் கம்ப்யூட்டரை மொதல்ல தூக்கிட்டுப் போயிடு. அவர் கையில விடாதே. செய்வியா?"

செய்கிறேன் என்றேன்.

இரண்டு வருடம் இடம் விடாமல் இருந்தாள். போன மாதம் ஒரு காலை தையல் மெஷின் முன்னால் அப்படியே சாய்ந்துவிட்டாள். மாரடைப்பு. துணி பாதி தைத்தபடி ஊசியில் மாட்டிக்கொண்டிருந்தது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். உறவுக்காரர்கள் வந்து சேர்வதற்குள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குப் போனேன். உறையில் முடிச்சுகள் அப்படியே இருந்தன. இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி அன்றிலிருந்து என் இடுப்பில். அன்று பகல் முழுக்க அண்ணன் அண்ணியின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. திரும்பி வந்ததிலிருந்து நான் பக்கத்திலேயே இருந்தேன். எல்லாம் முடிந்ததும் அவரையும் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

நேற்று மதியம் காப்பகத்துக்குப் போன் செய்தேன். அண்ணன், அண்ணி இருவர் எண்ணையும் ரத்து செய்யச் சொல்லத்தான்.

"உங்க அண்ணனுக்கு நன்றி சொல்லுங்க," என்றார் பொறுப்பாளர் அம்மா. "அந்தப் பழைய தப்பைத் திருத்திக் கொடுத்துட்டாரே."

"எதை?"

"மணமகன் நிலை. 'மனைவியை இழந்தவர்'னு மாத்தியிருக்கார். நாற்பத்திரண்டும் பதினேழும் ஒரே மாதிரி தட்டியிருக்காங்க. பச்சையாயிடுச்சு."

"எப்போ?"

தேதியைச் சொன்னார். அண்ணி போன நாள். மதியம் மூன்று மணி.



"இன்னொண்ணும் இருக்கு," என்றார். "வெறுமையா இருந்துச்சே கல்யாணத் தேதி. அதையும் ரெண்டு பேரும் நிரப்பியிருக்காங்க. ஆனா வருஷத்தைத் தப்பா அடிச்சிருக்காங்க. இந்த வருஷம் போட்டிருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை."

போனை வைத்தேன்.

வீடு அமைதியாக இருந்தது. பூட்டிய அலமாரிக்குள்ளிருந்து... டக்... டக்... டக்...

அதற்குப் பின்னால், சரசரவென்று.

காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். வெள்ளிக்கிழமை விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட. போனைப் பேசியது பின்கட்டில். அண்ணன் முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவர் என்னிடம் வந்தார். நன்றாக முகம் கழுவி, தலை சீவியிருந்தார். கையில் ஒரு வெள்ளைச் சட்டை.

"இதைக் கொஞ்சம் இஸ்திரி போட்டு வைடி."

"எதுக்குண்ணே?"

"வெள்ளிக்கிழமைக்கு."

"வெள்ளிக்கிழமை என்ன?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி லேசாகச் சிரித்தார். அண்ணி இருந்திருந்தால் அந்தச் சிரிப்பை அறையின் அந்தக் கோடியிலிருந்தே கண்டுபிடித்திருப்பாள்.