அவன் ஓம் சொன்ன நாள்

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதரிகளே. எண்பத்திரண்டாம் ஆண்டு ஏப்ரல் விடுமுறைக்கு என் மகன் ஹில்மி வீட்டுக்கு வந்தபோது ஒரு சொல் தமிழ் பேசவில்லை. ஊமையாகவும் இல்லை. இதை உங்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்றே தெரியவில்லை. அந்த நாட்களில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இன்றைக்கும் பாதிதான் விளங்கியிருக்கிறது. அந்தப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கிழக்கிலங்கைச் சாய்ந்தமருதுக்காரி. அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, ஊர்ப் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். கணவருக்குக் கல்முனை பசாரில் புடைவைக் கடை. ஹில்மிக்கு அப்போது பத்து வயது. பிறந்ததிலிருந்து வாய் ஓயாத பிள்ளை. என் தங்கை ஜெஸீமாவின் மடியில் வளர்ந்தவன். சாச்சியும் அவனும் பேசத் தொடங்கினால் அடுப்பில் சோறு கரியும், இரண்டு பேருக்கும் மணம் தெரியாது.

இனி என் துஆவைச் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து கல்வி அதிகாரிகள் பாடசாலைக்கு வந்தால் இங்கிலீஷில் ஏதாவது கேட்பார்கள். நான் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்தபடி நிற்பேன். அந்த வெட்கம் எனக்குள்ளேயே கிடந்தது. அதனால் ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் ஒரே வேண்டுதல்தான்: "யா அல்லாஹ், என் பிள்ளையின் வாயில் இங்கிலீஷைப் போடு."

மலைநாட்டில், கண்டிக்கும் அப்பால், ஒரு தனியார் பள்ளி இருந்தது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். எல்லாப் பாடமும் இங்கிலீஷில்தான். நுழைவுச் சோதனை எழுத வந்த பிள்ளைகளால் மண்டபம் கொள்ளவில்லை. எடுத்ததோ கொஞ்சப் பேரை. எங்கள் ஊரிலிருந்து ஹில்மி ஒருவனுக்குத்தான் கிடைத்தது. நான் தொதல் இனிப்புக் கிண்டி வீடு வீடாகக் கொடுத்தேன். துஆ கபூலாகிவிட்டது, கேட்டதை அல்லாஹ் தந்துவிட்டான் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன்.

ஜனவரியில் போன பிள்ளை ஏப்ரலில் வந்தான். தகப்பனோடு பஸ்ஸில் வந்து இறங்கியவனை ஜெஸீமா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள்.

"ஹில்மி! என்ன மகன் இப்பிடி மெலிஞ்சிட்டாய்? பசிக்குதா?"

அவன் தலையை ஆட்டினான்.

"வாயத் துறந்து சொல்லன்."

கால்விரலால் மண்ணைக் கிளறினான். பிறகு "யெஸ்" என்றான்.

எல்லோரும் சிரித்தோம். என் கணவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பாத்தியா? ஒரு தவணைதான் போயிரிக்கி. அதுக்குள்ள ஆள் வெள்ளைக்காரனாயிட்டான்" என்றார். நானும் சிரித்தேன். கேட்டது கிடைத்தால் சிரிக்காமல் என்ன செய்வது?

ஆனால் அடுத்த நாளும் யெஸ், நோதான். அதற்கடுத்த நாளும் அதேதான். இங்கிலீஷ் தெரியாத ஜெஸீமாவுக்கு அதுவும் இல்லை, வெறும் தலையாட்டல் மட்டும். கூட்டாளிமார் கடற்கரைக்குக் கூப்பிட வந்தால் பின்பக்கத்துக்குப் போய்விடுவான். தட்டில் போட்ட சோறு பாதி அப்படியே கிடக்கும். நாக்கில் ஏதும் கோளாறோ என்று பார்த்தால், மஃரிபுத் தொழுகைக்குப் பின் தகப்பனின் பக்கத்தில் இருந்து குர்ஆன் ஓதுகிறான், ஓர் எழுத்துப் பிசகாமல். அறபு வருகிறது. இங்கிலீஷ் வருகிறது. தாய் பேசின தமிழ் மட்டும் வரவில்லை. இது என்ன நோய்?

டொக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். பள்ளிவாசல் லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்தார். ஓதல் சுத்தமாக ஓதுகிற பிள்ளைக்கு ஜின்னுமில்லை, பேயுமில்லை என்று அவரும் கையை விரித்தார். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் சந்தேகமே இல்லாமல் சொன்னாள்: "இங்கிலீசுப் பவுசு டீச்சர். நாங்க இனி அவருக்கு மனிசரா?" ஆளுக்கொரு கதை. எல்லாக் கதையும் கொஞ்சம் சரி போலவும் இருந்தது, ஒன்றும் சரியில்லாதது போலவும் இருந்தது.

ஒரு நாள் நானே இங்கிலீஷில் இறங்கிப் பார்த்தேன். "யூ… வோண்ட்… றைஸ்?" என்றேன்.

"யெஸ், உம்மா."

"ஃபிஷ்?"

"யெஸ், உம்மா."

அதோடு என் கையிருப்புத் தீர்ந்தது. பெற்ற பிள்ளையோடு பேச எனக்கு மீனும் சோறும் மட்டும்தான் மிஞ்சியிருந்தன. குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தமிழ் படிப்பிக்கிற டீச்சருக்கு வந்த நிலைமையைப் பாருங்கள்.

பிறகு கோபமும் வந்தது. அவனைப் பிடித்து முன்னால் இருத்தினேன். "தமிழ் மறந்திட்டியா மகன்?" என்றேன். இல்லை என்று தலையாட்டினான். "உம்மாவோட கோவமா?" அதற்கும் இல்லை. "அப்ப நான் சொல்றது விளங்குதுதானே?" என்றேன். அவன் உதடு குவிந்தது. ஏதோ ஒரு சொல் வாய்வரைக்கும் வந்தது. வெளியே விழுமுன்னர் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். கண்ணிலிருந்து பொலுபொலுவென்று தண்ணீர் வந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. பவுசு பிடித்த பிள்ளை அப்படி அழாது.

கணவரிடம் சொன்னேன். "பேச்சில்லாத பிள்ளைய நான் திருப்பி அனுப்ப மாட்டன்."

"எத்தின பேர் ஏங்கிற இடம் அது? பழகினா சரியாயிடும்" என்றார் அவர்.

அவர் சொன்னதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. நான் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. என்னதான் செய்வது? விடுமுறையோ முடியப்போகிறது.

அன்று அஸர் தொழுதுவிட்டுப் பாயில் இருந்தேன். கையை ஏந்தினேன், வாயில் சொல் இல்லை. என்ன கேட்பது? இங்கிலீஷை எடுத்துவிடு என்று கேட்பதா? இத்தனை வருடம் அழுது கேட்டதை நானே வேண்டாம் என்பதா? இருக்கட்டும் என்றால் என் பிள்ளை எங்கே? முதல் துஆவே பிழையோ? பிழையான துஆவை அல்லாஹ் ஏன் ஏற்றான்? கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, ஒன்றைக் கேட்கப் போனால் ஒன்பது கேள்வி வந்தது. கடைசியில் குழந்தை மாதிரி இப்படித்தான் சொன்னேன்: "யா அல்லாஹ், எனக்குக் கேக்கத் தெரியல்ல. என்ன கேக்கணும் எண்டு நீயே விளங்கிக்க." அவ்வளவுதான். மனம் லேசாகவும் இல்லை. கனவும் வரவில்லை. பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் கலியாண வேலையைப் பார்க்கப் போனேன்.

ஜெஸீமாவின் கலியாணம் அந்த வாரம்தான். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில்தான் நிக்காஹ். முன்மண்டபத்தில் மாப்பிள்ளையும் ஊராரும். உள்ளறையில் பெண்கள். நடுவில் ஒரு திரை. ஹில்மி சாச்சியை விட்டு நகரவில்லை. பேசாவிட்டாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தான்.

நிக்காஹ்வுக்கு முன்பு பெண்ணின் சம்மதம் கேட்க வேண்டும். எங்கள் வாப்பாவும் மௌலவியும் இரண்டு சாட்சிகளும் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். வாப்பா கேட்டார். வழக்கப்படி மணப்பெண் வாய் திறக்க மாட்டாள். பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம். ஜெஸீமாவும் தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த மௌலவியோ எதையும் அரைகுறையாக விடாதவர். "திரைக்கு இந்தப் பக்கம் இரிக்கிற எனக்குத் தலையாட்டினது தெரியுமா? எனக்கும் கேக்கணும், சாட்சிக்கும் கேக்கணும். வாயால சொல்லுங்க மகள். சம்மதமா?"

ஜெஸீமா முகம் சிவக்கச் சொன்னாள். "ஓம்."

"அல்ஹம்துலில்லாஹ்! ஓம் எண்டிட்டா. சாட்சிமாரே, கேட்டதா?"

"ஓம், கேட்டம்" என்றார்கள் இருவரும்.

அப்போது என் பக்கத்தில் ஒரு குரல் வீரிட்டது.

"சாச்சி ஓம் எண்டிட்டா! நிக்காஹ் முறிஞ்சிடுமா?"

என் மகனின் குரல். தமிழில். கலியாண வீட்டில் முறிகிற கதையா என்று மாமிமார் வாயில் அடித்துக்கொண்டார்கள். எனக்குச் சந்தோசப்படுவதா, வெட்கப்படுவதா, அவன் வாயை மூடுவதா என்று தெரியவில்லை. மூடுவதா! அந்த வாய் திறக்கத்தானே நான் செத்துக்கொண்டிருந்தேன்.

திரைக்கு அப்பால் மௌலவி கேட்டார். "ஆரது? என்னத்துக்கு மகன் முறியும்?"

"ஓம் எண்டு சொன்னாவே!"

"ஓம் எண்டாத்தான் மகன் நிக்காஹ். இல்ல எண்டாத்தான் முறியும்."

வீடே சிரித்தது. ஹில்மி சிரிக்கவில்லை. சாச்சியின் முகத்தைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். பிறகு என் மடியில் முகத்தை வைத்து விம்மி விம்மி அழுதான். முன்மண்டபத்தில் நிக்காஹ் நடந்துகொண்டிருக்க, உள்ளே என் காதுக்குள் எல்லாவற்றையும் கொட்டினான்.

"போடிங்குக்குப் போன அண்டைக்குக் கேட்டானுகள் உம்மா, நீ முஸ்லிமா எண்டு. நான் ஓம் எண்டன்."

"அதுக்கு?"

"விழுந்து விழுந்து சிரிச்சானுகள். கொழும்புப் பொடியன்மார், அவனுகளும் முஸ்லிம்தான். ஓம் எண்டிறது கோயில்ல சொல்ற மந்திரமாம். அதச் சொன்னா கலிமா முறிஞ்சு முஸ்லிம் இல்லாம போயிடுமாம். தமிழ் கதைச்சா அது தானா வருகுது உம்மா. அதான் கதைக்கல்ல."

சகோதரிகளே, நமக்கு ஓம் என்றால் என்ன? வாப்பா கேட்டால் ஓம், கடைக்காரன் கேட்டால் ஓம், என்னோடு படிப்பிக்கிற காரைதீவு இந்து மிஸ்ஸும் ஓம், பள்ளிவாசல் மௌலவியும் ஓம். ஆம் என்ற சொல்லைத்தான் நாம் அப்படிச் சொல்கிறோம். வேறு ஊர் முஸ்லிம்கள் ஆமா என்பார்கள், ம் என்பார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு நம் சொல் விளங்கவில்லை. விளையாட்டாகச் சொன்னதை என் பிள்ளை நெஞ்சில் ஏற்றிக்கொண்டான். வாய் திறந்தால் ஈமான் போய்விடும் என்று பயந்து, பத்து வயதில் தன் தாய்மொழியையே விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறான். நானோ அதைப் பவுசு என்று பார்த்தேன், நோய் என்று பார்த்தேன், துஆவின் பலன் என்றும் பார்த்தேன். பயம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் நம்பியிருப்பானா? தெரியாது. உம்மா சமாதானம் சொல்கிறாள் என்று நினைத்திருப்பான். அவன் உயிராக நினைக்கும் சாச்சி, மௌலவிக்கு முன்னால், சாட்சிகளுக்கு முன்னால், அல்லாஹ்வின் பெயரால் நடக்கும் ஒரு காரியத்தில் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியிருந்தது. மௌலவி அதற்கு அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லவேண்டியிருந்தது. வேறு எந்த மௌலவியும் தலையாட்டலோடு விட்டிருப்பார். இதை நானா ஒழுங்கு செய்தேன்? கேட்கத் தெரியவில்லை என்று மட்டும்தானே சொன்னேன்.

கலியாணம் முடிந்து பள்ளி தொடங்கும் நாள் வந்தது. அதற்குள் வாய் பழைய வாயாகிவிட்டது. மாப்பிள்ளையின் மீசையிலிருந்து மலைநாட்டுக் குளிர்வரை பேசித் தீர்க்காத விஷயமில்லை. பெட்டியை அடுக்கிக்கொண்டே, தகப்பனுக்குக் கேட்காமல் நான் மெதுவாகக் கேட்டேன்.

"திரும்பப் போகத்தான் வேணுமா மகன்? உண்மையச் சொல்லு. போறியா?"

இல்லை என்பான் என்று இருந்தேன். அதைக் கேட்க என் காது காத்துக்கொண்டிருந்தது.

"ஓம் உம்மா" என்றான்.

"என்னத்துக்கு மகன்?"

"அவனுகள் திருப்பிக் கேட்டா ஓம் எண்டு சொல்லணும்."

நான் எந்தச் சொல்லுக்காக அழுதேனோ, அதே சொல்லால் என்னை விட்டுப் போனான். பஸ் போன பின்பு பாயில் போய் விழுந்து அழுதேன். நன்றிக்கு அழுதேனா, பிரிவுக்கு அழுதேனா? எனக்கு விளங்கவில்லை. இரண்டையும் சேர்த்தே அல்லாஹ்விடம் கொடுத்துவிட்டேன்.

ஹில்மி இப்போது பெரிய வகுப்பில் படிக்கிறான். இங்கிலீஷும் பேசுகிறான், வீட்டுக்கு வந்தால் நம் ஊர்த் தமிழால் காதைத் துளைக்கிறான். நான் மாறிவிட்டேன். என் வகுப்பில் பேசாத பிள்ளை இருந்தால், வாய் இல்லையா என்று இப்போது அதட்டுவதில்லை. பக்கத்தில் இருத்தி, என்ன பயம் மகள் என்று கேட்கிறேன். துஆவிலும் இதைத் தா, அதைத் தா என்று கட்டளை போடுவதைக் குறைத்துக்கொண்டேன்.

குழம்பிப்போய் இருக்கிற சகோதரி யாராவது இதைப் படித்தால், உங்களுக்குத்தான் இதை எழுதினேன். மனம் தெளிந்த பிறகு கையேந்தலாம் என்று காத்திருக்காதீர்கள். குழம்பின மனதோடேயே ஏந்துங்கள். என்ன கேட்பது என்று தெரியாவிட்டால், தெரியாது என்றே சொல்லுங்கள். பதில் எந்த மொழியில் வரும் என்று நான் அறியேன். எனக்கு நம் ஊர்த் தமிழில், ஒரு திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. கேட்டதற்கு நானும் ஒரு சாட்சி.