பேர் கேட்ட நர்ஸ்

எனக்கு வாய் நீளம். வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அதை நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

போன ஆடியில், போர்வெல் லாரியோடு வடக்கே போயிருந்த என் வீட்டுக்காரர் காய்ச்சலோடு திரும்பினார். நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அறையில் இரண்டு கட்டில். மற்றதில் ராசிபுரத்துப் பெரியவர் ஒருவர், சர்க்கரை நோயாளி. ஃபேன் அவர் தலைக்கு மேல் இருந்தது. "காத்து எனக்கு ஆவறதில்லீங்க அம்மிணி, வேணும்னா மாத்திக்குங்க" என்றார். கேட்கவா வேண்டும்? அன்று சாயங்காலமே இருவரையும் கட்டில் மாற்றிப் படுக்க வைத்துவிட்டேன். நர்ஸ் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

மறுநாள் காலை, ஷிப்ட் மாறி வந்த ஒரு சின்னப் பெண் ஊசியோடு நின்றாள். "உங்க பேர் சொல்லுங்கண்ணா" என்றாள் என் வீட்டுக்காரரிடம். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் எகிறினேன்.

"நேத்திருந்து வர்றவங்க போறவங்க எல்லாம் பேரு கேட்டே உசுர வாங்கறீங்க. கட்டில்ல நம்பர் எழுதித்தான வச்சிருக்குது? அதப் பாக்கத் தெரியாதா?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "சரிங்கக்கா" என்று கட்டில் நம்பரைப் பார்த்தாள், ஊசியைப் போட்டாள், போய்விட்டாள். இவர்களை இப்படி நாலு வார்த்தை கேட்டால்தான் சரிப்படும் என்று பெரியவரிடம் வேறு பீற்றிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. காய்ச்சல் விடுகிறது என்று சந்தோஷமாகத் துடைத்துவிட்டேன். பிறகு கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. அந்த நேரம் பார்த்துப் பெரியவர் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, எனக்கு இன்னும் சக்கரை ஊசி போடலீங்களே? இட்லி ஆறுது."

அப்போதுதான் உறைத்தது. அவருடைய ஊசி என் வீட்டுக்காரர் உடம்பில் இருந்தது. ஐயோ என்று கத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். முதலில் ஓடி வந்தது அதே பெண்தான். குளுக்கோஸ் ஏற்றி, அவர் கண் தெளிந்து தண்ணீர் கேட்கிற வரை என் உயிர் என்னிடம் இல்லை.

தலைமை நர்ஸ் வந்து அவளைக் கேட்டார். "பேரு கேட்டியாம்மா?"

"கேட்டேனுங்க மேடம்."

"என்ன சொன்னாரு?"

அவள் தரையைப் பார்த்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "அவரச் சொல்ல உடலீங்க, நாந்தான் திட்டிப்போட்டேன். கட்டில மாத்துனதும் நாந்தானுங்க" என்றேன்.

அந்தம்மா என்னை நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "யாரு என்ன திட்டுனாலும் சரி, அவங்க வாயால பேரு சொல்லாம ஊசி போடக்கூடாது" என்று அவளிடம்தான் சொன்னார். இரண்டு பேர் கையிலும் பெயர்ப் பட்டை கட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வேறொரு நர்ஸ் மாத்திரையோடு வந்தாள். கட்டில் பக்கம் போகாமல் நேரே என்னிடம் வந்து நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. அண்ணங்கிட்டப் பேரு கேட்டுக்கட்டுங்களா?"