பால்கனியில் ‘ரைட்’ சொல்பவள்

என் அண்ணி டவுன் பஸ் ஓட்டுகிறார். ஆள் நகர இடமில்லாத மார்க்கெட் முனையில் அலட்டிக்கொள்ளாமல் பஸ்ஸைத் திருப்பிவிடுவார். குடித்துவிட்டு ஏறி வம்பு பண்ணுகிறவனைச் சட்டையைப் பிடித்து இறக்கியும் விடுவார். அப்படிப்பட்டவருக்கு டிப்போவில் வைத்திருக்கும் பெயர் ‘குடை’. கூரை போட்ட ஷெட்டுக்குள்ளேயே குடையை விரித்துக்கொண்டுதான் தன் பஸ்ஸுக்கு நடப்பார். மேலே இரும்புச் சட்டங்களில் புறாக்கள் உட்கார்ந்திருக்கும்.

புறாவுக்குப் போய் யாராவது பயப்படுவார்களா என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அவர் கல்யாணமாகி வந்த வருடம், முள்ளை முள்ளால் எடுக்கிறேன் பேர்வழி என்று அவர் கைப்பையில் ஒரு புறா இறகைப் போட்டு வைத்தேன். பையைத் திறந்தவர் கத்தவில்லை. மூச்சு திணறி, பேச்சு வராமல், தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்கு மாதம் கைப்பையையே தொடவில்லை. பெரிய வைத்தியச்சி நான்!

“அது என்னை ஒண்ணும் பண்ணாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். இந்த உடம்புக்குத்தான் தெரிய மாட்டேங்குது” என்பார்.

அண்ணன், அண்ணி வீடு நாலாவது மாடியில். கோடையிலும் ஜன்னல் திறக்காது. துணியெல்லாம் படுக்கையறையில் காயும், வீடு முழுக்க ஈர வாடை. வெளியே புறா, கூண்டுக்குள் இவர்கள். வாஷிங் மெஷினுக்கு மட்டும் உள்ளே இடமில்லாமல் பால்கனியில் வைத்திருந்தார்கள். அண்ணனுக்கு வாரத்தில் ஐந்து நாள் வெளியூரில் வேலை. அதனால் ஆறு வயது மகள்தான் முதலில் பால்கனிக்குப் போவாள். கைப்பிடிச் சுவர், ஏசி பெட்டி, மெஷினின் பின்பக்கம் எல்லாம் பார்த்துவிட்டு, கண்டக்டர் மாதிரி “ரைட்!” என்பாள். அதற்குப் பிறகுதான் அண்ணி போய் யூனிஃபார்மை மெஷினில் திணித்துவிட்டு ஓடி வருவார். இதைப் பார்த்து எல்லோரும் கெட்டிக்காரக் குழந்தை என்று மெச்சினோம்.

போன மாதம் நான் அங்கே தங்கியிருந்தபோது, குளித்துவிட்டு வெளியே வந்தேன். அண்ணி பால்கனிக் கதவில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றிருந்தார். தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சுடுகிற தரையில் குழந்தை கால் மாற்றி மாற்றி நின்றாள். மெஷின் மேல் ஒரு புறா.

“என்ன அண்ணி இது? திறங்க!”

“முடியல... கை வரல.”

புறா இறங்கிய வேகத்தில், மகள் வெளியே இருக்கிறாள் என்ற நினைப்பே இல்லாமல் சாத்தியிருக்கிறார். ஞாபகம் வந்த பிறகும் திறக்க முடியவில்லை. தாழ்ப்பாளை இறுக்கிக்கொண்டிருந்த அவர் கையை நான் பிடித்து இழுத்தேன். பஸ்ஸைத் திருப்புகிற கை, அசைக்கவே முடியவில்லை.

“உங்களுக்கு மனசாட்சி இருக்கா?” என்று கத்தினேன்.

“அத்தை, அம்மாவைத் திட்டாதீங்க” என்றாள் குழந்தை கண்ணாடி வழியாக. “எனக்குச் சுடல. அது போனதும் நானே ரைட் சொல்றேன்.”

அவள் அழாததுதான் எனக்குத் தாங்கவில்லை. அண்ணி கதவிலிருந்து விலகிச் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். நான் கதவைத் திறந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். பாதம் இரண்டும் சிவந்திருந்தன.

“எனக்கு ஏழு வயசு இருக்கும்போது என் அக்கா என்னை ஒரு புறாவோட ரூமுக்குள்ள வச்சு விளையாட்டுக்குத் தாழ் போட்டா” என்றார் அண்ணி. “நான் என் பொண்ணுக்கே அதைப் பண்ணிட்டேன்.”

அன்று மாலையே மனநல டாக்டரிடம் போனோம். இந்த மாதிரிப் பயம் நிறையப் பேருக்கு உண்டு, பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொடங்கும், வெட்கப்பட்டு மறைத்து அதற்கு ஏற்றபடி வீட்டையே மாற்றிக்கொள்வார்கள் என்றார் அவர். படிப்படியாகப் பழக்கினால் பெரும்பாலும் குறையும், யாரும் பிடித்துத் தள்ளக் கூடாது என்றும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இப்போது அண்ணி புறா படத்தைப் பத்து நிமிடம் பார்க்கிறார். கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது. குழந்தையைப் பால்கனிக்கு அனுப்புவதில்லை.

“இனிமே நீ போக வேணாம்டா” என்று அண்ணி சொன்ன அன்று, அவள் முகம் வாடிவிட்டது.

“அப்ப உனக்கு ரைட் யாரும்மா சொல்வா?” என்றாள்.