கூரையைத் தொட்ட பலகை

காலை ஒன்பது இருபது. படியேறி மேல்மாடிக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது புதுப் பிளைவுட். தடுப்புப் பலகைகள் புகையேறிக் கறுத்திருந்தன. அவற்றின் மேல் விளிம்பிலிருந்து கூரைவரை, இரண்டடி உயரத்துக்கு, ஒரு பட்டை மட்டும் வெளிர் மஞ்சளாக இருந்தது. நான்கு விரலுக்கு ஓர் ஆணி. யாரோ அவசரப்படாமல் செய்த வேலை. மரத்தூளைக் கூட்டி மூலையில் குவித்திருந்தார்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அது. சூலியா ஸ்ட்ரீட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கீழே சலூன், மேலே பலகையால் பிரித்த மூன்று தடுப்புகள். சலூன்காரர் முழு வீட்டையும் தன் பெயரில் எடுத்து, மேல்மாடியை உள்வாடகைக்கு விட்டிருந்தார். முன் தடுப்புக்குத் தெருவைப் பார்த்த ஜன்னல் உண்டு. பின் தடுப்பின் ஜன்னல், மழை நேரே உள்ளே விழும் முற்றத்தைப் பார்த்தது. நடுத்தடுப்புக்கு ஜன்னல் இல்லை. அதில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்த ஒரு பெண்ணும், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அவருடைய மகளும் இருந்தார்கள். புதுப் பிளைவுட் அந்த நடுத்தடுப்பைச் சுற்றித்தான் அடிக்கப்பட்டிருந்தது.

நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் பினாங்குக் கிளையில் நிருபராக இருந்தேன். அன்று அந்தச் சந்தில் சுகாதார இன்ஸ்பெக்டர் வீடு வீடாகப் பார்வையிடப் போவதாகத் தகவல் வந்திருந்தது. அதைப் பற்றி ஒரு சிறு செய்தி எழுதுவதற்காகப் போயிருந்தேன். சலூனைத் தாண்டும்போது சலூன்காரர் கத்தியைக் கையில் வைத்தபடியே வெளியே வந்தார்.

"தம்பி, வாங்க, வாங்க. மேல ஏறிப் பாருங்க. உங்க பேப்பர்ல போட்ட மாதிரியே செஞ்சிட்டோம்."

உள்ளே கண்ணாடிக்குப் பக்கத்தில், முகப்பவுடர் டப்பாவுக்கு மேல், எங்கள் பத்திரிகையின் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. நான் எழுதியதுதான். வழக்கத்தைவிடக் குட்டையாக இருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது.

வீட்டுவசதி, சுகாதார விதிகளில் வரும் சொற்களுக்கு விளக்கம் தரும் ஒரு தாளை நகராண்மைக் கழகம் அப்போது வெளியிட்டிருந்தது. மலாயில் இருந்தது. சந்துகளில் குடியிருந்த பெரியவர்கள் பலருக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. அதனால் நான் அதைத் தமிழாக்கி வாரம் ஒரு கட்டமாகப் போட்டுவந்தேன். வீடு என்றால் என்ன, குடியிருப்பவர் யார், எதெல்லாம் தொல்லை. தொல்லை என்ற சொல்லுக்குள் தேங்கிய நீர், அடைத்த சாக்கடை, படுக்கையருகே வளர்க்கும் கோழி எல்லாம் அடங்கின. அந்த வாரம் மூன்று பேர் அலுவலகத்துக்கே வந்து, பக்கத்து வீட்டுக்காரரையும் அதில் சேர்க்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அறை என்ற சொல் வந்த வாரம், கடைசி நேரத்தில் ஒரு புடவைக் கடை விளம்பரம் வந்து சேர்ந்தது. அச்சுக் கோப்பவர் நான்கு வரி குறைக்கச் சொன்னார். நான் கீழிருந்து நான்கு வரியை அடித்துக் கொடுத்தேன். செய்தியில் முக்கியமானது மேலே இருக்கும், இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டு என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். பத்து வருஷம் அப்படியே வெட்டியிருந்தேன். யாரும் குறை சொன்னதில்லை.

அச்சில் நின்றது இவ்வளவுதான்: அறை என்பது ஆள் படுத்துறங்கும் இடம்; அது நான்கு பக்கமும் தரையிலிருந்து கூரைவரை அடைக்கப்பட்டிருக்க வேண்டும். அடித்துவிட்ட வரிகளில் இருந்தது: வெளிக்காற்று வரும் ஜன்னல் அறைக்குக் கட்டாயம், ஜன்னல் இல்லாத இடத்தில் தடுப்பறை மட்டுமே அமைக்கலாம், அதன் பலகை கூரையைத் தொடாமல் இரண்டடியாவது விட்டு நிற்க வேண்டும்.

மேலே அந்தப் பெண் எனக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பார்வையிடும் நாள் என்பதால் வேலைக்கு விடுப்புச் சொல்லியிருந்தார்.

"இப்ப முழு பிலிக் ஆயிடுச்சு, பாருங்க. ஞாயித்துக்கிழமை பூரா நானும் கீழ சலூன் அண்ணனும் அடிச்சோம்" என்றார். அறைக்கு அங்கே எல்லாரும் சொன்ன சொல் பிலிக். "முன்னெல்லாம் மேல தெறந்து கெடந்துச்சு. இன்ஸ்பெக்டர் வந்து இது ரூமே இல்லன்னு சொல்லிட்டா எங்க போறது?"

உள்ளே ஒரு கட்டில், ஒரு தகரப்பெட்டி, சுவரில் நாள்காட்டி. மேசை விசிறி முழு வேகத்தில் ஓடியது. இருந்தும் சட்டை முதுகில் ஒட்டியது. முன்பு தெரு ஜன்னலிலிருந்து வந்த காற்று, தடுப்புகளின் தலைக்கு மேலாகப் போய் முற்றத்தில் இறங்கியிருக்க வேண்டும். இப்போது அதற்கு வழி இல்லை.

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் இன்ஸ்பெக்டர் படியேறி வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவர். சட்டைப் பையில் மடக்கும் மரஸ்கேல், கையில் கறுப்பு அட்டை நோட்டு. நடுத்தடுப்பை ஒருமுறை சுற்றி வந்தார். பிளைவுட்டை விரலால் தட்டினார்.

"ஜன்னல் எங்கை?"

"இல்லைங்க சார். ஆனா சீலிங் வரைக்கும் அடைச்சிட்டோம்."

"அதுதான் பிழை, தங்கச்சி. சீலிங் வரைக்கும் அடைச்சால் இது அறை. அறைக்கு ஜன்னல் வேணும். ஜன்னல் இல்லாத அறையிலை ஆள் படுக்கேலாது. பதினாலு நாளிலை காலி செய்யச் சொல்லி எழுத வேணும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. அந்தப் பெண் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"என் கூடப் பொறந்த அண்ணன் வீடு அக்கரைல, சுங்கை பாக்காப் எஸ்டேட்ல இருக்கு சார். வேற எடம் இல்ல. எனக்கு டியூட்டி காலைல ஆறு மணிக்கு. அங்கேருந்து மொத பஸ்ஸே அஞ்சரைக்குத்தான். பஸ் புடிச்சு, ஃபெர்ரி ஏறி, ஆறு மணிக்கு எப்படிலா வர்றது? வேலை போயிடும்."

நான் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்: விளக்கத்தின் கடைசி நான்கு வரியை நான் வெட்டியிருந்தேன், இவர்கள் அச்சில் இருந்ததைப் பார்த்துச் செய்தார்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு முன் இங்கே சரியான இடைவெளி இருந்தது.

"நான் பேப்பரைப் பாக்கிறேல்லை. பலகையைத்தான் பாக்கிறன்" என்றார். நோட்டைத் திறந்தார், ஆனால் எழுதவில்லை. "சந்திலை இன்னும் ஒன்பது வீடு கிடக்கு. கடைசி வீட்டிலை ஆரம்பிச்சு இந்தப் பக்கமாத் திரும்பி வாறன். பன்னெண்டு மணியாகும். அப்ப என்ன கண்ணிலை படுதோ, அதை எழுதுவன்."

அவர் இறங்கும் சத்தம் அடங்கும்வரை, பின்னாலேயே ஏறி வந்திருந்த சலூன்காரர் காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் முடிய தப்பா வெட்டினா மூணு வாரத்துல வளந்துடும்லா, தம்பி. நீங்க வெட்டுனதப் பாருங்க."

பிளைவுட்டைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று சொன்னேன். அந்தப் பெண் எழுந்து தடுப்பின் வாசலில் நின்றுகொண்டார்.

"போன வாரம் அடைக்கணும்னு போட்டீங்க. இன்னிக்கு பிடுங்கணும்னு சொல்றீங்க. நாளைக்கு வேற ஒண்ணு சொன்னா? எழுத்துல காட்டுங்க. பாத்துட்டுத்தான் கை வைப்பேன்."

"இன்ஸ்பெக்டரே சொன்னாரே?"

"அவரு அறைன்னாரு, ஜன்னல்னாரு. பிடுங்குன்னு சொன்னாரா?"

சொல்லவில்லை. அது உண்மைதான்.

அலுவலகம் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. மலாய்த் தாள் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. எடுத்துக்கொண்டு திரும்பியபோது மணி பத்தே முக்கால். சலூன்காரருக்கு மலாய் படிக்கத் தெரியும், மெதுவாக. நாற்காலியில் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் காத்திருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டு, படியின் பாதியில் நின்று, தாளை எட்டப் பிடித்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். மேலே நின்று அந்தப் பெண் கேட்டார்.

"தொடக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்றார் சலூன்காரர். "ரெண்டு அடி விடணுமாம்."

"நல்லா பாத்தீங்களா, அண்ணே?"

"ரெண்டு தடவ பாத்துட்டேன்லா."

"கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

"அடியில சீல் இருக்கு. அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல."

அதற்குப் பிறகு அந்தப் பெண் நேரத்தை வீணாக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறினார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். ஆணிகள் நெருக்கமாக, தலைவரை பலகைக்குள் இறங்கும்படி அடிக்கப்பட்டிருந்ததால் சுத்தியலின் பிளவு உள்ளே புகவில்லை. ஒவ்வொன்றையும் பழைய உளியால் நெம்பி எழுப்ப வேண்டியிருந்தது. முன் பக்கம் கழன்றபோது பதினொன்றரை. தெருவின் சத்தமும், கூடவே கொஞ்சம் காற்றும் உள்ளே வந்தன. நாள்காட்டியின் தாள் அசைந்தது.

"இவ்வளவு அடிச்சிருக்க வேணாம்" என்றார் அவர், ஸ்டூலின் மேலிருந்து.

"யாரு அடிக்கச் சொன்னா? ஒண்ணு போதும்னேன், மூணு அடிச்ச" என்றார் சலூன்காரர். நுரை வைத்திருந்தவர் அதற்குள் முகத்தைத் தானே துடைத்துக்கொண்டு படியேறி வந்து, பின் பக்கத்துப் பிளைவுட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கன்னம் மட்டும் வழிக்கப்பட்டிருந்தது.

கடைசித் துண்டு கதவுச் சட்டத்துக்கு மேல் இருந்தது. அது மட்டும் முழுதாக வரவில்லை, இரண்டாகப் பிளந்தது. அதைத் தரையில் இறக்கிவைத்து, ஆணிகளைப் பால்மாவு டப்பாவில் போட்டு முடித்தபோது பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிடம்.

இன்ஸ்பெக்டர் பன்னிரண்டே காலுக்கு வந்தார். சுவரில் சாத்தியிருந்த பிளைவுட்டை அவர் பார்க்கவில்லை. ஸ்டூலில் ஏறி, மரஸ்கேலை விரித்து, பலகையின் மேல் விளிம்பிலிருந்து கூரைவரை நான்கு பக்கமும் அளந்தார். பிறகு தரையை அளந்தார். எத்தனை பேர் என்று கேட்டார். அந்தப் பெண் இரண்டு விரலைக் காட்டினார். அவர் எழுதியதை நான் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். தடுப்பறை. இருவர். இடைவெளி இருபத்தைந்தரை அங்குலம்.

"சரியா சார்?"

"ரெண்டடிக்கு இருபத்து நாலு போதும். ஒண்டரை கூட இருக்கு" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினார். இறங்கும்போது படியில் நின்று என்னைப் பார்த்தார். "உங்கட பேப்பரிலை திருத்தம் வருமோ?"

"நாளைக்கு வரும்."

"முழுக்க வருமோ?"

திருத்தம் மறுநாள் ஆறாம் பக்கத்தில், அதே இடத்தில் வந்தது. தடுப்பறையைப் பற்றிய வரிகளை முதலில் வைத்திருந்தேன். அடுத்த முறை அந்தச் சந்துக்குப் போனபோது, கண்ணாடிக்குப் பக்கத்தில் பழைய துண்டுக்குக் கீழே புதுத் துண்டும் ஒட்டியிருந்தது. சலூன்காரர் இரண்டையும் வைத்திருந்தார். பிளைவுட்டில் நல்ல பகுதியை அறுத்து, காத்திருப்பவர்கள் உட்கார ஒரு பெஞ்சு செய்திருந்தார்.

அந்தப் பெண் ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் வீடு கிடைக்கும்வரை, இன்னும் ஐந்து வருஷம், அந்த நடுத்தடுப்பிலேயே இருந்தார். புது வீட்டின் படுக்கையறையில் ஒரு ஜன்னல் இருந்தது.